இருபத்தோரு வயதில் அறுபது: வி.கே.ராமசாமி பற்றிக் கொஞ்சம் பேசுவோமா?

தெற்குமாசி:

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் சேனலை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஏதோ ஒன்றில் வேலைக்காரன் ஓடிக்கொண்டிருந்தது. ரஜினிக்குத் தாத்தாவாக வி.கே.ராமசாமி. பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்த என் பையன் (காலேஜ் இரண்டாம் வருஷம்) நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இந்தத் தாத்தா சின்ன வயசுல எப்படிப்பா இருப்பாரு?" என்றான். பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நானும் அவரை இளைஞனாகப் பார்த்ததே இல்லை. என் அப்பாவும் பார்த்திருக்க மாட்டார்.

காலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் பிறந்தது 1926. முதல் படம் நாம் இருவர், 1947. அதிலேயே கிழவர் வேஷம்! அப்போது வயது 21. வேலைக்காரன் 1987. அதாவது நாற்பது வருஷமாகக் கிழவராகவே இருந்திருக்கிறார், கடைசியில் அவர் வயது வேஷத்தின் வயதுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது என் கேள்வி. 21 வயதுப் பையனுக்குக் கிழவன் எங்கிருந்து வந்தான்? ஒட்டுத்தாடி, நரைமுடி என்று சொல்லிவிடாதீர்கள். அது யார் வேண்டுமானாலும் வைக்கலாம். நம் ஊர்ப்பக்கம் நாடகம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

ஜிகர்தண்டா:

அண்ணே, நல்ல தலைப்புதான், ஆனா ஒரு சந்தேகம். வி.கே.ஆரை நாம காமெடி நடிகர்னுதானே பார்த்தோம்? குணச்சித்திர நடிகர்னா எஸ்.வி.ரங்காராவ், எஸ்.வி.சுப்பையா. அவங்க ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஆளா மாறுவாங்க. இவரு எல்லாப் படத்துலயும் ஒரே இழுவை, ஒரே துண்டு, ஒரே தொப்பை. பிடிக்கும், இல்லைங்கல. ஆனா அந்த வரிசையில வைக்கலாமா?

விருதுபட்டி:

முதலில் ஒரு திருத்தம். 'நம் ஊர்ப்பக்கம்' என்று மதுரைக்காரர்கள் சட்டென்று சுருட்டிக்கொள்ள வேண்டாம். வி.கே.ஆர். பெயரில் இருக்கும் 'வி' விருதுநகர். என் புனைபெயரைப் பார்த்தாலே தெரியும், எங்கள் ஊருக்கு 1923 வரை விருதுப்பட்டி என்றுதான் பெயர். அவர் பிறந்தபோது ராமநாதபுரம் ஜில்லா. தனி மாவட்டம் ஆனது 1985இல்தான்.

சண்டைக்காகச் சொல்லவில்லை, விஷயம் இருக்கிறது. நாம் இருவர் படத்தில் அவருக்குக் கள்ளச்சந்தை வியாபாரி வேஷம். யுத்தம் முடிந்த நேரம், ரேஷன், பதுக்கல் எல்லாம் எல்லோர் வீட்டிலும் பேச்சு. விருதுநகரோ கமிஷன் மண்டிகளின் ஊர். மிளகாய், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று விருதுநகர் மார்க்கெட் விலையைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் பேப்பரில் பார்ப்பார்கள். மண்டி முதலாளி பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? நேராக எதையும் சொல்ல மாட்டார். விலையைக் கேட்டால் வெயிலைப் பற்றிப் பேசுவார். வெயிலைப் பற்றிப் பேசினால் வண்டி வாடகையைச் சொல்வார். உங்களுக்கே அலுத்துப்போய் ஒரு விலை சொல்லும்வரை இழுப்பார். தம்பி ஜிகர்தண்டா 'இழுவை' என்று சொன்னது அதுதான். அது சோம்பேறித்தனம் இல்லை, தொழில்! எங்கள் தாத்தா பேசுவதும் அப்படித்தான் இருக்கும்.

தெற்குமாசி:

ஐயா, விருதுநகரையே எடுத்துக்கொள்ளுங்கள், பரோட்டாவை மட்டும் எங்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

விருதுபட்டி:

எண்ணெய் பரோட்டாவும் எங்களுடையது. பேச்சுக்கே இடமில்லை.

ஒற்றைவாடை:

நாம் இருவர் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது பா.நீலகண்டன் எழுதிய நாடகம். என்.எஸ்.கிருஷ்ணன் நாடக சபா மேடையேற்றியது. ஏவி.எம். அதைப் படமாக எடுத்தார். அப்போது ஏவி.எம். ஸ்டூடியோ வடபழனியில் இல்லை, காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் இருந்தது. நம் ஊரிலிருந்து இரண்டரை மணி நேரப் பஸ் பயணம். கீற்றுக் கொட்டகைதான் ஸ்டூடியோ. 1947 பொங்கலுக்குப் படம் வந்தது. நாடு விடுதலை அடைய இன்னும் ஏழு மாதம் பாக்கி. அதற்குள் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதியார் பாட்டுக்குக் குமாரி கமலா ஆடிவிட்டார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

இதில் மதுரைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒன்று உண்டு. படத்தின் நாயகன் டி.ஆர்.மகாலிங்கம். 'டி' என்றால் தென்கரை, நம் சோழவந்தானுக்கு ஆற்றைத் தாண்டினால் தென்கரை. அவரும் சின்ன வயதிலேயே நாடக மேடைக்கு வந்தவர்தான். இப்போது கேளுங்கள்: அந்தப் படத்தில் இளைஞனாக வரும் மகாலிங்கத்தைவிட, கிழவராக வரும் வி.கே.ஆர். ஒன்றிரண்டு வயது சின்னவர்.

மேக்கப்பால் இதைச் சாதிக்க முடியாது என்று தெற்குமாசி சொன்னது சரி. மேடையில் பத்தாவது வரிசைக்குப் பின்னால் முகச்சுருக்கம் தெரியாது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒட்டுத்தாடி கருப்பா வெள்ளையா என்பதே சந்தேகம். அங்கே வயதைக் காட்டுவது குரலும் நடையும்தான். சினிமாவுக்கு வந்தால் தலைகீழ். கேமரா பக்கத்தில் வந்து நிற்கும், ஒட்டு வைத்தது அப்பட்டமாகத் தெரியும். அப்போதும் காப்பாற்றியது குரல்தான். அந்தக் குரலில் 21 இல்லை.

திருநகர்க்காரி:

எல்லோரும் பெரிய மனிதர்களாகப் பேசுகிறீர்கள். எனக்கு ஒன்று புரியவில்லை. ஏழு வயதில், எட்டு வயதில் பிள்ளைகளை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டதைப் பெருமையாக எழுதுகிறோமே, அது இன்றைக்கு நடந்தால் குழந்தைத் தொழிலாளர் கேஸ் போட மாட்டோமா? அம்மாவைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை. தப்பாகப் பாடினால் அடி. அம்மை, காய்ச்சல் என்றாலும் கம்பெனியோடுதான் ஊர் ஊராகப் போக வேண்டும். அங்கே கற்றுக்கொண்டதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு மற்றதை விட்டுவிடுவது நியாயமா?

இன்னொன்று: பெயரில் எல்லாம் 'மதுரை' இருக்கிறதே, ஏன்? எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. நம்பியார் நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபா. சிவாஜி திருச்சியில் வளர்ந்தவர், ஆனால் சேர்ந்தது யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீ பாலகான சபா. இவர்கள் யாரும் மதுரைக்காரர்கள் இல்லையே.

ஒற்றைவாடை:

அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். காஞ்சிபுரம் பட்டு என்று எல்லா ஊரிலும் போர்டு போடுகிறார்கள் இல்லையா, அது மாதிரிதான். நாடகத்துக்கு மதுரை முத்திரை. அதற்குக் காரணம் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் தொழில் படித்த இடம் அது. பெரிய நடிகர்கள் ராத்திரி குடித்துவிட்டுப் பாடத்தை மாற்றிப் பேசுவதும், முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் போவதுமாக இருந்த காலம். சிறுவர்களைக் கட்டுப்பாட்டோடு பழக்கினால் நாடகம் பிழைக்கும் என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்கில் பிள்ளைகளின் பிள்ளைப் பருவம் செலவில் எழுதப்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே வளர்ந்தவர்களே பின்னாளில் அடியையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் கேட்டது நியாயம்.

ஆனால் இந்த இழையின் கேள்விக்கு ஒரு பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. மகரக்கட்டு என்று ஒரு வார்த்தை கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பையன்களுக்குப் பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடையுமே, அதற்குக் கம்பெனியில் அந்தப் பெயர். அதுவரை ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்) என்று கொடிகட்டிப் பறந்தவனுக்கு ஒரே மாதத்தில் எல்லாம் போய்விடும். நேற்றுவரை சீதை, இன்று வாயைத் திறந்தால் தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். மைக் இல்லாத காலம், நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று உச்ச சுருதியில் பாட வேண்டும். பாட முடியாதவனை என்ன செய்வது? வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் பாட்டுக் குறைவான வேஷம் கொடுப்பார்கள். பாட்டுக் குறைவான வேஷம் எது? காமிக், வில்லன், மந்திரி, சேவகன், கிழவன்.

தமிழ் சினிமாவின் முதல் தலைமுறைக் குணச்சித்திரக்காரர்கள், வில்லன்கள், சிரிப்பு நடிகர்களில் பாதிப்பேர் இந்த மகரக்கட்டு வழியாக வந்தவர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். பாட்டு போனது, பேச்சு மிஞ்சியது. மிஞ்சிய பேச்சை வைத்துக்கொண்டு பிழைக்கப் பழகினார்கள்.

திருநகர்க்காரி:

இது எனக்குத் தெரியாது. என் அப்பத்தா யாருக்காவது தொண்டை கட்டினால் 'என்னடி, மகரக்கட்டா?' என்று கேட்பார். ஏதோ வசவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பெட்டிக்காரர்மகன்:

வணக்கம். நான் அதிகம் எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போய்விடுவேன். தலைப்பு இழுத்துவிட்டது.

எங்கள் அப்பா ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். தெரியாதவர்களுக்கு: ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வரும், பபூன் திண்டுக்கல். ஊர்க் கமிட்டிக்காரர்கள் தனித்தனியாகத் தேதி வாங்கி, போட்டோ போட்டு நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். மேடையில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியத்தில் கை வைத்தால் விடிந்துதான் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் பாடம் மனப்பாடம், மிச்சம் வாய்ச் சாமர்த்தியம். பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். பங்குனி, சித்திரையில் அப்பா வீட்டில் இருந்த நாட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

பள்ளிக்கூட லீவில் என்னையும் கூட்டிப்போவார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவது என் வேலை. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது மேலூர்ப் பக்கம் ஒரு ஊர். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நீண்டுபோய் மணி மூன்றாகிவிட்டது. அடுத்து முருகன் கிழவனாக வர வேண்டும். உங்களுக்குத் தெரியும், வேலன், வேடன், விருத்தன் என்று மூன்று வேஷம், மூன்றும் ஒரே ராஜபார்ட்தான். படுதாவுக்குப் பின்னால் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க நான் போனேன். முப்பது வயது கூட இருக்காது, நல்ல தேக்குமரம் மாதிரி உடம்பு. கிரீடத்தைக் கழற்றினார். ஜிகினா உடுப்பின் மேல் ஒரு பழைய வேட்டியைச் சுற்றினார். நரைமுடியும் இல்லை, தாடியும் இல்லை. என் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

"மாமா, தாடி வைக்கலையா?" என்று கேட்டேன்.

"எதுக்குடா?"

"கிழவன்னு எப்படித் தெரியும்? குனிஞ்சு நடப்பீங்களா?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உங்க தாத்தா குனிஞ்சா நடக்குறாரு? கெழவன்னா குனியணும்னு எவன் சொன்னான். டேய், வயசானவன் எதையும் ஒரு தடவையில செய்ய மாட்டான். எந்திரிக்கிறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு தடவ எந்திரிச்சுப் பாப்பான். அப்புறம்தான் நெசமா எந்திரிப்பான். பேசுறதும் அப்படித்தான். ஒரு தடவ பேச வருவான், வேண்டாம்னு நிறுத்துவான், அப்புறம் பேசுவான். அந்த மொதத் தடவையக் காட்டிட்டா போதும், தாடி வேணாம்."

மேடைக்குப் போனார். வள்ளியிடம் தேனும் தினைமாவும் கேட்கும் இடம். கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார், கையைப் பார்த்தார், மறுபடி நீட்டினார். விக்கல் வந்தது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்து, விக்கலுக்காக நிறுத்தி, மறுபடி திறந்தார். தூங்கிக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். என் அப்பா ஆர்மோனியத்தில் விக்கலுக்கு ஒரு கட்டையை அமுக்கினார், அது வேறு சிரிப்பு.

இப்போது வி.கே.ஆரைப் பாருங்கள். அவர் எந்த வாக்கியத்தையாவது ஒரே தடவையில் பேசியிருக்கிறாரா? ஒரு சத்தம் வரும், நிற்கும். தொண்டையைச் செருமுவார். அப்புறம்தான் வார்த்தை. தம்பி ஜிகர்தண்டா சொன்ன இழுவை, விருதுநகர் ஐயா சொன்ன மண்டிப் பேச்சு, எல்லாம் இருக்கலாம். என் காதுக்கு அது அந்த 'மொதத் தடவை'.

தெற்குமாசி:

இதற்காகத்தான் இழையைத் தொடங்கினேன். நன்றி அண்ணே. அந்த ராஜபார்ட் இப்போது இருக்கிறாரா?

பெட்டிக்காரர்மகன்:

இல்லை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒரு படக் கம்பெனியில் 'தாத்தா வேஷம் இருக்கிறது' என்று கூப்பிட்டு அவர் மெட்ராஸ் போனார். அதற்காக நான்கு நாடகத் தேதியை விட்டுக்கொடுத்தார். மூன்று நாள் உட்கார வைத்துவிட்டு ஒரு ஷாட் எடுத்தார்களாம், திண்ணையில் படுத்திருக்கும் பிணம். படம் வந்தபோது ஊரோடு போய்ப் பார்த்தோம். பிணத்தின் கால் மட்டும் தெரிந்தது. அவரே வெளியே வந்து, 'காலு நல்லா நடிச்சிருக்குல்ல' என்றார். அதற்கப்புறம் சினிமா பக்கம் போகவில்லை. நாடகச் சங்கத்தில் கடைசிவரை அவர் போட்டோ நோட்டீஸில் ராஜபார்ட்டாகத்தான் வந்தது.

ஜிகர்தண்டா:

அண்ணே, படிச்சுட்டு ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். சரி, 'மொதத் தடவை'ய ஒத்துக்கிறேன். ஆனா என் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கு. அந்த வித்தையையே எல்லாப் படத்துலயும் போட்டா அது நடிப்பா, பழக்கமா?

ஒற்றைவாடை:

தம்பி, நியாயமான கேள்வி. நானும் அவருடைய எல்லாப் படத்தையும் தலையில் தூக்கிவைத்து ஆட மாட்டேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்ததில் நிறைய, மூன்று நாள் கால்ஷீட்டில் வந்து மிரட்டும் அப்பாவாகவோ ஜொள்ளு விடும் முதலாளியாகவோ நின்றுவிட்டுப் போனவை. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ருத்ர தாண்டவம், 1978. சிவபெருமானாக வி.கே.ஆர்., பூசாரியாக நாகேஷ். அதற்கு முன்னால் தமிழ் சினிமாவில் சிவன் என்றால் யார்? திருவிளையாடலில் சிவாஜி. ஏ.பி.நாகராஜன் எழுதிய வசனத்தில் உலகமே அதிரும். இதே நாகேஷ் அந்தப் படத்தில் தருமி. பதிமூன்று வருஷம் கழித்து அதே நாகேஷ் எதிரில் தொப்பையோடு ஒரு சிவன் வந்து, நம் தெருப் பெரியவர் மாதிரி சலித்துக்கொண்டு பேசுகிறார். வி.கே.ஆர். குரலை மாற்றவே இல்லை. மண்டிக்கார இழுவை அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் சிவனிடமிருந்து வரும்போது அர்த்தமே வேறு. ஊரில் நடக்கும் எல்லா அநியாயத்தையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கடவுளுக்கு வேறு எந்தக் குரல் பொருந்தும்?

இன்னொரு இடம் மணிரத்னம். மௌன ராகத்தில் மோகனுக்கு மேலதிகாரி, அக்னி நட்சத்திரத்தில் ஜனகராஜோடு கூட்டு. பி.சி.ஸ்ரீராமின் ஒளி, பாதி முகம் இருட்டில், எல்லோரும் காதோடு கிசுகிசுக்கிறார்கள். அதற்கு நடுவில் பாய்ஸ் கம்பெனிக் காலத்து ஆள் ஒருவர். ஒட்டாமல் போயிருக்க வேண்டும், ஆனால் போகவில்லை. ஜனகராஜின் மனைவி ஊருக்குக் கிளம்பும் அந்தக் காட்சி எல்லோருக்கும் தெரியும். அடுத்த தடவை பார்க்கும்போது ஜனகராஜை விட்டுவிட்டு இவரைப் பாருங்கள். அவன் குதிப்பதற்கு இவர் இடம் கொடுத்துவிட்டு நிற்கிறார். பக்கத்து நடிகன் எப்போது சிரிப்பு வாங்குவான் என்று தெரிந்து, அதன் குறுக்கே விழாமல் இருப்பது. ஒத்திகை இல்லாமல் முன்பின் தெரியாதவனோடு விடிய விடிய ஆடும் மேடையில் இது இல்லாமல் ஒரு ராத்திரியைக் கூட ஓட்ட முடியாது. பெட்டிக்காரர்மகன் சொல்லட்டும்.

பெட்டிக்காரர்மகன்:

உண்மைதான். அப்பா ஒரு நடிகரைப் பாராட்ட வேண்டுமென்றால் 'நல்லாப் பாடுறான்' என்று சொல்ல மாட்டார். 'நல்லாக் கேக்குறான்' என்பார்.

விருதுபட்டி:

தயாரிப்பாளர் வி.கே.ஆரை யாரும் சொல்லவில்லையே. ஏ.பி.நாகராஜனோடு சேர்ந்து 1957இல் மக்களைப் பெற்ற மகராசி எடுத்தார். சிவாஜி முழுக்கக் கொங்குத் தமிழ் பேசி நடித்த படம். எங்கள் ஊர் ஆள் காசு போட்டுக் கோயமுத்தூர் பாஷையைப் படமாக்கியிருக்கிறார் என்றால் அதன் தாராளத்தைப் பாருங்கள்! வட்டாரப் பேச்சைச் சிரிப்புக்கு மட்டும் வைத்திருந்த காலத்தில் அதைக் கதாநாயகனின் வாயில் வைக்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும். பேச்சுதான் சரக்கு என்று தெரிந்த ஆளுக்குத்தான் அது தோன்றும்.

திருநகர்க்காரி:

சம்பாதித்தாரே தவிர மிச்சம் வைத்த மாதிரித் தெரியவில்லையே? அருணாச்சலம் படத்தில் ரஜினி சில பழைய கலைஞர்களைத் தயாரிப்பில் பங்குதாரர்களாகச் சேர்த்துக்கொண்டார், அதில் வி.கே.ஆரும் ஒருவர். அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பண்டரிபாயும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல காரியம்தான், ஆனால் அரை நூற்றாண்டு நடித்தவர்களுக்கு ஒரு ஸ்டார் மனது வைத்தால்தான் விடியும் என்றால் தொழிலில் ஏதோ கோளாறு. ஹீரோவுக்கு வயதானால் சம்பளம் ஏறுகிறது, தாத்தா வேஷக்காரருக்கு வயதானால் இன்ஸ்யூரன்ஸ் கூடக் கிடையாது.

ஜிகர்தண்டா:

இதுக்கு மாத்துக் கருத்தே இல்லக்கா.

ஒற்றைவாடை:

காக்கா ராதாகிருஷ்ணனையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். சிவாஜிக்குச் சிறு வயதுத் தோழர், பாய்ஸ் கம்பெனிக் கூட்டாளி. 1992இல் தேவர் மகனில் அவர் சிவாஜிக்குத் தம்பி. ஒரே பந்தியில் சோறு தின்ற இரண்டு பையன்கள் அறுபதைத் தாண்டி அண்ணன் தம்பியாக ஒரே படத்தில். அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் நான் கதையை மறந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

வி.கே.ஆர். போனது 2002 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். நினைவு நாளும் அதே தேதி என்பதால் பேப்பரில் அவருக்குக் கிடைக்க வேண்டிய இடம் ஒவ்வொரு வருஷமும் அங்கே போய்விடுகிறது.

தெற்குமாசி:

பத்து நாள் கழித்து வருகிறேன், இழை இன்னும் உயிரோடு இருக்கிறது, சந்தோஷம்.

பெட்டிக்காரர்மகன் அண்ணன் தனிச்செய்தியில் ஒரு ஊர் பெயரும் தேதியும் கொடுத்தார். பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் வர மாட்டேன் என்றான், சிக்னல் கிடைக்குமா என்று கேட்டான், அப்புறம் கிளம்பினான். பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள், பதினொன்றே காலுக்கு ஆரம்பித்தது. பபூன் வந்தபோது வீடியோ எடுத்தான். தர்க்கம் ஆரம்பித்ததும் அரை மணி நேரம் கேட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். மூன்றேகாலுக்குக் கிழவன் வந்தபோது எழுப்பினேன். இந்தக் காலத்து ராஜபார்ட் தாடி வைத்திருந்தார், அண்ணனின் மாமா அளவுக்கு இல்லை. ஆனால் விக்கல் வந்த இடத்தில் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். 'மொதத் தடவை'யைப் பற்றி நான் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

விடிந்ததும் ரோட்டோர டீக்கடையில் பஸ்ஸுக்கு நின்றோம். பக்கத்தில் டீஷர்ட் போட்ட ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பன் தின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கலாம். காதுக்குப் பின்னால் ரோஸ் பவுடர் கழுவாமல் மிச்சம் இருந்தது. "தம்பி, மாட்டுத்தாவணி பஸ் போயிருச்சா?" என்று என் பையனிடம் கேட்டார். "தெரியலண்ணே" என்றான். பஸ் வந்து அவர் ஓடிப்போய் ஃபுட்போர்டில் தாவி ஏறிய பிறகுதான் நான் சொன்னேன், அதுதான் ராத்திரி விக்கல் எடுத்த கிழவன் என்று. நாங்கள் ஏற மறந்து அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம்.

பெட்டிக்காரர்மகன்:

அடுத்தது ஏழரைக்குத்தானே? நானும் அந்த ஊரில் அப்படி நின்றிருக்கிறேன். அவர் அன்றைக்கு ராத்திரி சிவகங்கைப் பக்கம் ஒரு தேதி வைத்திருந்தார், அதான் ஓட்டம்.

ஜிகர்தண்டா:

அண்ணே, அடுத்த தடவை போறப்ப எனக்கும் ஒரு தகவல் போடுங்க. பைக்ல வர்றேன், பஸ்ஸ நம்ப முடியாது.

விருதுபட்டி:

எங்கள் ஊர்ப் பக்கம் பொங்கலுக்கு வாருங்கள், பங்குனிப் பொங்கல். நாடகமும் உண்டு, பரோட்டாவும் உண்டு.